கழுவிய புல்

அண்ணனின் மேய்ச்சல் நிலத்துப் புல்லில் பூஞ்சை நச்சு இல்லை என்று அவளே கையெழுத்துப் போட்டு அறிக்கையை அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த மீதிப் புல்லைக் குப்பையில் கொட்டப் போனவள், பையைக் கவிழ்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பொட்டு மண் இல்லை, ஒரு சருகு இல்லை. பச்சைப்பசேலென்று வெறும் நுனிகள்.

ஐயையோ! பாழாய்ப்போன அந்த நச்சு குடியிருப்பதே மண்ணை ஒட்டிய அடித்தண்டில்தானே! பன்னிரண்டு வருஷமாக இந்தப் பரிசோதனைக்கூடத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் அவள். அடியோடு அறுக்காத புல் வந்தால் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அண்ணன் வீட்டுப் பை என்றதும் மட்டும், "பாத்தியா, எவ்வளவு சுத்தம்!" என்று பக்கத்து மேசைக்காரியிடம் பீற்றிக்கொண்டு, உலர்த்தி அரைத்துக் கருவியில் ஏற்றிவிட்டாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

ஏற்கெனவே இரண்டு மாடுகள் கால் நடுங்கி விழுந்ததில் ஒன்று எழவே இல்லை. மூன்று வாரமாக அண்ணன் மேய்ச்சல் நிலத்து வேலிக்கதவைப் பூட்டிவைத்து, கிடைத்த வைக்கோலைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். அதுவும் நேற்றோடு தீர்ந்துபோயிற்று. மிச்சம் முப்பத்தெட்டு மாடுகள், பாதி சினை.

அண்ணன் போனை எடுக்கவில்லை. நாலாவது தடவை அண்ணி எடுத்தாள்.

"வயித்துல பால வார்த்துட்ட போ! உங்கண்ணன் சந்தோஷத்துல போனைக்கூட போட்டுட்டு ஓடிட்டாரு."

"அண்ணி, புல்ல யாரு அறுத்தது?"

"நான்தான். ஏன்?"

"நுனிய மட்டுமா?"

"பின்னே? நீ வேலை பாக்குற எடம். சேறும் சருகுமா அனுப்பினா உன்னப்பத்தி நாலு பேர் என்ன நினைப்பாங்க? பாத்துப் பாத்துக் கிள்ளி, மூணு தண்ணி அலசிக் குடுத்தேன்."

"அண்ணி, தப்பு என்மேலதான். அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க. கதவத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க. ஓடுங்க!"

அண்ணி போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்போல. செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, "ஏங்க! ஏங்க!" என்ற கத்தல். பிறகு பொத்தென்று போன் எங்கோ விழுந்தது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அண்ணியின் குரல் தூரமாகிக்கொண்டே போயிற்று. போனுக்கு வெகு அருகில், பசித்த வாய் ஒன்று புல்லை அடியோடு பற்றி இழுத்தது. சரக். சரக்.