அறுபத்திரண்டாவது நிமிடம்

மாலை நான்கு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்தில் தோற்ற அணியை நான் காலை பதினோரு மணிக்கே திட்டி முடித்துவிட்டேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, அதே அணி ஜெயித்ததற்காக அதே ஆட்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினேன். கடைசியாக, இரண்டு பக்கமும் சமமாக முடிந்ததற்கு உதட்டைப் பிதுக்கினேன். மூன்றுக்கும் ஒரே சட்டை, ஒரே நாற்காலி. எங்கள் தொழில் இப்போது இப்படித்தான் நடக்கிறது.

எங்களுக்குப் போட்டியாக இன்னொரு பாட்காஸ்ட் இருக்கிறது. ஆட்டம் முடிந்த மூன்றாவது நிமிடத்தில் வீடியோ போட்டுவிடுவார்கள். நாங்கள் உட்கார்ந்து பேசி, வெட்டி ஒட்டிப் போடுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சனமெல்லாம் அங்கே போய்ச் சண்டை போட்டு ஓய்ந்துவிடும். ஆகவே எங்கள் தயாரிப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெற்றி, தோல்வி, சமம் என்று மூன்று வீடியோக்கள் காலையிலேயே தயாராகிவிடும். விசில் ஊதியதும் எடிட்டர் பெண் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

நடக்காத ஆட்டத்தைப் பற்றி என்ன பேசுவது? யார் கோல் போட்டான் என்று சொல்ல முடியாது. பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. ஆகவே மனசைப் பற்றிப் பேசுவோம். பசி இல்லை, வெறி இல்லை, பயந்துவிட்டார்கள், போட்டிருக்கிற சட்டைக்கு மரியாதை இல்லை. இதையெல்லாம் ஆட்டத்தைப் பார்க்காமலே சொல்லலாம், தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இப்போது டிவியைத் திறந்தாலும் ரேடியோவைத் திருப்பினாலும் ஆளாளுக்குப் பசியையும் வெறியையும் பற்றியே பேசுகிறார்கள். இவர்கள் எல்லாரும் எத்தனை மணிக்குப் பேசி முடித்தார்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் பதினோரு வருஷம் டிஃபெண்டராக ஆடியவன். முழங்கால் போனபிறகு ரேடியோவுக்கு வந்தேன். அங்கே நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த அம்மாள், கோல் விழுந்த விதத்தை நோட்டில் எழுதிக் காட்டாமல் யாரையும் மைக் பக்கம் அண்ட விடமாட்டார். நிமிடம் எழுத வேண்டும், பந்து கடைசியாக யார் காலில் பட்டது என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நோட்டை நீட்டிக்கொண்டு நிற்க எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் எழுதினேன். பிறகு டிவிக்குப் போனேன். முதலில் பேசுவதற்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். விளம்பரம் ஏற ஏற அது ஐந்தாகி, இரண்டாகி, கடைசியில் "ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்" என்று வந்து நின்றது. ஒரே வார்த்தையில் சொல்வதற்கு முழங்கால் போன ஆள் எதற்கு? அதையும் அவர்களே யோசித்துப் பார்த்து என்னை அனுப்பிவிட்டார்கள்.

அப்படித்தான் இந்தப் பாட்காஸ்ட். வாடகை வீட்டின் படுக்கையறை, சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச், ஜன்னலை அடைத்து ஒரு பழைய மெத்தை. என்னோடு பேசுகிறவனுக்கு நான் வைத்த பெயர் ஒலிபெருக்கி. பந்தைக் காலால் தொட்டதில்லை, ஆனால் தொண்டை மட்டும் கிழியவே கிழியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என் மச்சினனுடைய அணிக்கு. என் மனைவியின் தம்பி, அந்த அணியின் கோல்கீப்பர். வயது முப்பத்துநான்கு. சீசனில் இன்னும் இரண்டே ஆட்டங்கள்தான் பாக்கி. அவை முடிந்ததும் அவனை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று கிளப் முடிவு செய்யும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பிள்ளைகள் இரண்டும் பொடிசு. இதெல்லாம் தெரியாமல் நான் பேசினேன் என்று யாரும் எனக்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம்.

"அண்ணே, மச்சினனைப் பத்தி மட்டும் நீங்க வாயே திறக்கிறதில்லன்னு கமெண்ட்ல கிழிகிழின்னு கிழிக்கிறாங்க," என்றான் ஒலிபெருக்கி.

"தோல்வி வீடியோவுல ஒரு ரெண்டு நிமிஷம் கோல்கீப்பரைப் பத்திப் பேசிடுங்க சார்," என்றார் தயாரிப்பாளர்.

"அவன் எப்படி ஆடப் போறான்னே தெரியாதே."

"தோத்தா சுமாராத்தானே சார் ஆடியிருப்பார்."

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்தக் கமெண்டுகளை நானும் படித்திருந்தேன். குடும்பப் பாசம், வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்காது என்று எவனெவனோ எழுதியிருந்தான். எனக்கு ரோஷம் மூக்கு நுனியில் இருந்தது. மைக்கை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"கோல்கீப்பர்னா கோல் லைனை விட்டு வெளிய வரணும். இவன் வரமாட்டேங்கிறான். ஆணி அடிச்சு வெச்ச மாதிரி நிக்கிறான். கால்ல ஒரு கோளாறும் இல்ல, மனசுலதான் பயம். இவன் எனக்குச் சொந்தக்காரன். அதனாலதான் சொல்றேன்."

ஒலிபெருக்கி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்றே இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்கே மனைவியோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அன்று அவன் ஆடியதை நான் என்னவென்று சொல்ல? எட்டாவது நிமிடத்தில் ஓடி வந்து ஒருவன் காலடியிலிருந்தே பந்தைப் பிடுங்கினான். இடைவேளைக்கு முன்னால் இரண்டு முறை கூட்டத்துக்குள் புகுந்து எல்லார் தலைக்கும் மேலே குத்தித் தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் நான் கை தட்டினேன். "பாத்தியா உன் தம்பியை" என்று மனைவியின் தோளைக்கூடத் தட்டினேன். காலையில் பேசியது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. எண்பத்தெட்டாவது நிமிடத்தில், எங்கோ போக வேண்டிய பந்து அவன் அணி ஆளின் குதிகாலில் பட்டுத் திரும்பி உள்ளே உருண்டது. எந்தக் கோல்கீப்பராலும் அதை ஒன்றும் செய்திருக்க முடியாது.

தோற்று விசில் ஊதியபோதுதான் எனக்குக் காலையில் பேசியது ஞாபகம் வந்தது. எழுந்து போய்த் தயாரிப்பாளருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடிட்டர் பெண்ணுக்குப் போட்டேன்.

"அப்பவே போட்டாச்சு சார். சூப்பரா போகுது," என்றாள்.

திரும்பி வந்தால் மனைவி கையில் போன் இருந்தது. அதில் என் குரல் கேட்டது. ஆணி, பயம், சொந்தக்காரன், எல்லாவற்றையும் அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க எந்த மேட்சைப் பாத்தீங்க?" என்றாள்.

மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன். காலையில் பேசுவது, மூன்று வீடியோ, எல்லாவற்றையும். அவள் சத்தம் போடவில்லை. அவனிடம் உடனே சொல்லிவிடுங்கள் என்றாள். தயாரிப்பாளர் கூப்பிட்டு, இதுவரை நாம் போட்டதிலேயே இதைத்தான் நிறையப் பேர் பார்க்கிறார்கள், கை வைக்காதீர்கள் என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவனே வந்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன், நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டைப் பிரித்தான்.

"மாமா, மேட்சைத் திரும்ப மூணு தடவை பார்த்தேன். பதினாலு பந்து தூக்கிப் போட்டிருக்காங்க. அஞ்சுக்கு வெளிய வந்தேன், ஒம்பதுக்கு நின்னேன். எனக்கு எல்லாமே சரியாத்தான் தெரியுது. ஆனா நீங்க சொன்னா ஏதாவது இருக்கும். எந்த நிமிஷம்னு மட்டும் சொல்லுங்க."

"விடு மாப்ள. நாலு பேரு பாக்கிறதுக்காகப் பேசறது."

"மத்தவன் பேசினா விட்டுடுவேன். ஆறு வருஷம் என் முன்னால நின்னு ஆடினவர் நீங்க. வான்னா வருவேன், நில்லுன்னா நிப்பேன். ஒரு தடவையாவது ஏன்னு கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. டீ தம்ளரோடு மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதற்காக அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அறுபத்திரெண்டு," என்றேன். "அந்தக் கார்னர்."

அவன் நோட்டில் தேடினான். "அதை நம்ம ஆளே தலையால தட்டி வெளிய அனுப்பிட்டானே மாமா."

"தட்டினான். தட்டலைன்னா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, அறுபத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். மனைவி தம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவன் போனபிறகு, "இப்பவாவது போன் பண்ணிச் சொல்லுங்க," என்றாள். சரி என்றேன். சீசன் முடியட்டும், அப்புறம் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் மூன்று வீடியோக்களிலும் அவன் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏதோ பெரிய தியாகம் செய்தவனைப் போல மனைவியை அழைத்துக்கொண்டு மைதானத்துக்கே போனேன். அங்கே கேலரியில் ஒரு கூட்டம், அவன் பக்கம் பந்து போகும்போதெல்லாம் "வெளிய வா, வெளிய வா" என்று தாளம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அது என் வாயிலிருந்து போன வார்த்தை. என்னை அடையாளம் தெரிந்த இரண்டு பேர் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

எழுபத்தோராவது நிமிடத்தில் ஒரு கார்னர். பந்து தூரத்துக் கம்பத்தை நோக்கிப் போகிற மாதிரி வளைந்து வந்தது. நடுவில் ஆறேழு பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அவன் முன்னால் ஆடிய காலமாக இருந்தால் நில்லு என்று கத்தியிருப்பேன். கத்தியிருக்கவே வேண்டாம், அது அவனுக்கே தெரியும். ஆனால் அவன் வந்தான். கூட்டத்தில் சிக்கினான். கைக்கு ஒரு சாண் தள்ளிப் பந்து தாண்டிப் போனது, அந்தப் பக்கம் நின்றவன் காலியான வலைக்குள் தலையால் தள்ளினான். சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்று வைதார்கள். மனைவி கோலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் போன் செய்தான். நான் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தேன். முகமெல்லாம் நுரை. அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி அதே அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க மாமா. அடுத்த வருஷம் வேண்டாமாம்."

கன்னத்தில் வைத்த கத்தியை எடுத்தேன்.

"அது கிடக்கட்டும். இந்தத் தடவை நீங்க சொன்ன மாதிரி வெளிய வந்துட்டேன். சீக்கிரம் வந்துட்டேனா, லேட்டா வந்தேனா? அதை மட்டும் சொல்லுங்க. அது தெரியாம தூக்கம் வரமாட்டேங்குது."

கத்தியைக் கீழே வைத்தேன். "வந்திருக்கவே கூடாது மாப்ள," என்றேன். "அன்னைக்கு நீ நின்னதுதான் சரி. அறுபத்திரெண்டுல ஒண்ணுமே இல்ல. நீ நின்ன ஒம்பதுலயும் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் அதைச் சொன்னப்போ மேட்சே ஆரம்பிக்கல. காலைல பதினோரு மணிக்குப் பேசினது. தோத்தா போடறதுக்குன்னு தனியா பேசி வெச்சோம்."

அந்தப் பக்கம் அவன் பிள்ளைகளில் ஒன்று பின்னால் எதற்கோ அழுதுகொண்டிருந்தது. திட்டுவான், போனை வைத்துவிடுவான் என்று காத்திருந்தேன்.

"பதினோரு மணிக்கு நான் கையுறையைத் தொடச்சுட்டு இருந்தேன்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாமா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அக்காகிட்ட சொல்லிடாதீங்க. உங்களைப் பத்தி அவ ரொம்பப் பெருமையா நினைச்சுட்டு இருக்கா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

மனைவியின் கை மடிப்பில் அப்படியே நின்றிருந்தது. ஒன்பது நாளாக அவளுக்குத் தெரியும்.

"சொல்ல மாட்டேன் மாப்ள," என்றேன்.

அவன் வைத்துவிட்டான். அவள் மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.