மருதாணி மட்டும்தான்

பிடரியிலிருந்து இடது தோள்வரை காய்ச்சிய கம்பியைச் செருகி வைத்தது போல இருந்தது அன்னமேரிக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு முழுக்கக் குனிந்து மின்னணுச் சிப் பார்த்த கழுத்து அது. வீட்டுக்குப் போய்ச் சாய்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் மகளுடைய தலைக்கு இன்று நேரம் வாங்கியாகிவிட்டது. கெலுகோர் கடைத்தெருவில் கிளாரிஸின் சலூன் முன்னால் அம்மாவை இறக்கிவிட்டு, மகள் நட்டாலி காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள்.

அன்னமேரிக்கு முடி என்றால் அழுக்கு. கல்யாணத்துக்கு முன்பே தொழிற்சாலையில் சேர்ந்தவள். உள்ளே போகும்போது தலை முழுக்க வெள்ளை உறை மாட்ட வேண்டும். ஒரு முடி வெளியே நீட்டினாலும் சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துவான். காய்ந்த தலையைச் சீப்பால் வறட்டு வறட்டென்று இழுத்து, எண்ணெய் அப்பி, இறுக்கப் பின்னி, கொண்டையாக்கி உறைக்குள் தள்ளுவாள். சின்ன வயதில் அவளைப் பரட்டச்சி என்பார்கள். அந்தப் பரட்டையை எண்ணெயாலும் சீப்பாலும் அடித்துப் படியவைத்ததில் அவளுக்குப் பெருமைதான்.

இவளுக்குப் பிறந்த மகளோ முடியைக் கொண்டாடினாள். நட்டாலியின் தலை சுருள் சுருளாகத் தோளைத் தொடும். இரண்டு வருடமாக அதற்கென்றே போத்தல்கள், கிரீம்கள். ஆளி விதையைக் காய்ச்சி வடித்த கொழகொழப்பு ஒன்று ஐஸ்பெட்டியில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் அன்னமேரி அதைக் கஞ்சித்தண்ணி என்று நினைத்து உப்புப் போட்டுவிட்டாள்.

எல்லாம் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கத்துப் பாகான் டாலாமில், நிச்சயதார்த்தத்தன்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை டேரிலின் அம்மா நட்டாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கல்யாணத்தன்னிக்கு முடிய மட்டும் நேராக்கிடுங்க. இந்தப் பொதர் மேல நெட்டு எப்படிங்க நிக்கும்?"

மாதா கோவிலில் மணப்பெண் தலையில் போடும் வெள்ளை நெட்டைச் சொன்னாள். "அதுக்கென்னங்க, செஞ்சிடலாம்" என்று அன்னமேரி முந்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கடல் பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டே நட்டாலி கேட்டாள். "என் தலைக்கு நீ எப்படிமா சரி சொன்ன?"

"ஒரு நாள்தானே லா."

"மருந்து வச்சு நேராக்குற ரீபாண்டிங் ஒரு நாள் இல்லமா. வளர்ந்து வெட்டி எடுக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது. செத்தா போயிடுவ?"

அதற்குப் பிறகு அன்னமேரி மகளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவாள். அப்பா வின்சென்ட் உயிரோடு இருந்திருந்தால் இருவருக்கும் நடுவில் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பார். அவர் இல்லாத வீட்டில் அந்த மௌனம் தாங்காமல் நட்டாலி பணிந்தாள். "சரி, போ. நேராக்கு" என்றாள். அன்னமேரிக்கு வெற்றி.

இப்போது சலூனுக்குள் போனாள். முதலாளி கிளாரிஸ் கல்லாவில் இருந்தாள். இருவரும் ஒரே கோவில், பல வருடப் பழக்கம். "வாங்கக்கா, கல்யாண வீட்டுக்காரங்க" என்று நாற்காலி போட்டாள். வேலை செய்யப்போவது ஷாஹிரா. தலையில் தூடோங் துணி கட்டிய மலாய்ப் பெண், நட்டாலியைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும். அவள் கையுறையை மாட்டிக்கொண்டே, மலாயில் அத்தை என்று முறை வைத்துக் கேட்டாள்:

"மாக்சிக், உங்க மகள் தலைக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது சாயம் போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"எதுவுமே? ஹென்னா?"

"மருதாணி மட்டும்தான். சுத்தமான இலை."

இது பொய். போன வாரம் நட்டாலியின் நெற்றியோரம் நாலைந்து நரை தெரிந்தது. சாயம் வேண்டவே வேண்டாம், மருதாணி இலை என்றால் சரி என்றிருந்தாள் மகள். வெறும் இலை போட்டால் முடி செம்பட்டை அடிக்கும். கல்யாணப் பெண்ணுக்குச் செம்பட்டைத் தலையா? லிட்டில் இந்தியா கடைக்காரன் ஒரு கறுப்புப் பொட்டலத்தை நீட்டி, "இதுல கொஞ்சம் கலந்துடுங்கக்கா, காக்கா மாதிரி கறுத்துடும்" என்றான். அன்னமேரி முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலந்தாள். மகளிடம் மூச்சுவிடவில்லை. சாயம் என்றால் டப்பாவில் வருவது, மருதாணியோடு கலந்தால் அதுவும் மருதாணிதான் என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

ஷாஹிராவுக்கு முழுத் திருப்தி இல்லை. "ஒரு கத்தை முடியில மட்டும் மருந்து வச்சுப் பார்க்கட்டுமா மாக்சிக்? சாயம் கலந்திருந்தா மருந்து பட்டதும் முடி வெந்துடும். கொஞ்ச நேரம்தான் ஆகும்."

"சாயந்தரம் திரும்ப ஷிப்டு இருக்கும்மா. நான் தூங்கணுமா வேணாமா? நேரா ஆரம்பி."

ஷாஹிரா திரும்பி முதலாளியைப் பார்த்தாள். கிளாரிஸ் போனில் யாருடனோ பேசிக்கொண்டே, செய் என்று கையை ஆட்டினாள். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு நட்டாலி வந்தாள். நடந்த பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை.

முதல் மருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அன்னமேரி சோபாவில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். முழித்துப் பார்த்தபோது மகளுடைய முடி கழுவி, காய்ந்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி நேராக விழுந்துகிடந்தது. அன்னமேரிக்கு மனசு குளிர்ந்தது. இதன் மேல் நெட்டு என்ன, மாதா கிரீடமே நிற்கும்.

"முடி கொஞ்சம் விறைப்பா இருக்கு" என்று ஷாஹிரா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு இரண்டாம் மருந்தைத் தடவினாள்.

"சூடா இருக்கு" என்றாள் நட்டாலி.

ஷாஹிரா கையை நிறுத்தினாள்.

"ரொம்பச் சூடா இருக்கு. அம்மா! எரியுது! அம்மா!"

உச்சந்தலையிலிருந்து புகை வந்தது. தீயே இல்லாத புகை. ஈர முடியிலிருந்து, கொதிக்கும் கெட்டிலிலிருந்து ஆவி கிளம்புவது போல அது மேலே போனதை அன்னமேரி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கிளாரிஸின் கையிலிருந்து போன் விழுந்தது. ஷாஹிரா நட்டாலியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் தலையைச் சாய்த்தாள். மருந்து தோய்ந்து கையுறை வழுக்க, அதைப் பல்லால் கடித்து உருவி எறிந்துவிட்டு வெறுங்கையாலேயே அலசினாள். அவளுடைய விரல் நுனிகள் சிவந்து வந்தன. அலச அலச முடி கையோடு வந்தது. கொத்துக் கொத்தாக அல்ல. ஊறிப்போன மீஹூன் சேமியா போல, தொட்டாலே அறுந்து, வழுவழுவென்று தொட்டியின் ஓட்டையைப் போய் அடைத்தது.

நட்டாலி அழவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பாதித் தலையில் இரண்டு விரல் நீளத்துக்குப் பஞ்சு, மீதியில் அதுவும் இல்லை. கழுத்தோரம் தோல் கன்றியிருந்தது.

"என்னடி செஞ்ச?" என்று கிளாரிஸ் ஷாஹிராவைப் பார்த்துக் கத்தினாள். "டெஸ்ட் பண்ணினியா, இல்லையா?"

ஷாஹிரா அன்னமேரியைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. அன்னமேரி தரையைப் பார்த்தாள்.

"என் தப்பு இல்லை" என்றாள் ஷாஹிரா மலாயில்.

மிச்சத்தை அன்றைக்கே நட்டாலி மழித்துவிட்டாள். மொட்டைத் தலையோடு மகள் வீட்டுக்குள் வந்ததும் அன்னமேரி சமையலறைக்குள் போய்விட்டாள். செய்தி கேட்டு டேரில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி ஓடிவந்தான். வாசலிலேயே நின்று அவள் தலையைப் பார்த்தான்.

"இப்ப நெட்டு நல்லா நிக்கும்" என்றான்.

நட்டாலி அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவனுடைய அம்மா போனில் விக் வாங்கித் தருவதாகச் சொன்னாள். "வேணாம் ஆன்ட்டி, இப்படியேதான் கோவிலுக்கு வருவேன்" என்று சொல்லி நட்டாலி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அன்னமேரி சமையலறையில் நின்றபோது, நட்டாலி தன் போத்தல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியருகே வைத்தாள்.

"குனி."

"எதுக்கு?"

"உன் தலையக் கழுவி விடறேன். இதெல்லாம் திறந்தாச்சு, கெட்டுப் போயிடும். எனக்கு இப்ப எதுல போடறது?"

பாசமாகச் சொல்லவில்லை, மிச்சக் குழம்பை யார் தலையிலாவது கட்டுவது மாதிரிதான் சொன்னாள். மகள் தன்னைத் தொடப்போகிறாளே என்பதற்காகவே அன்னமேரி குனிந்தாள். பின்னலை அவிழ்த்து, எண்ணெய் போக இரண்டு முறை அலசி, நட்டாலி வெள்ளைக் கிரீமை அள்ளி அப்பினாள். அகலப் பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போனாள்.

"மேலேர்ந்து இழுத்தாத்தானே வரும்?" என்றாள் அன்னமேரி.

"அப்படி இழுத்து இழுத்துத்தான் பாதி முடிய அறுத்துட்ட. சுருட்ட முடிய காஞ்ச தலையில சீவவே கூடாது. ஈரத்துல, கிரீம் இருக்கறப்பதான்."

"எனக்கு எங்கடி சுருட்ட? பரட்ட."

"பேசாம இரு."

கழுவிவிட்டு, ஆளி விதைக் கொழகொழப்பை உள்ளங்கையில் எடுத்து, முடியை நுனியிலிருந்து மேல்நோக்கி அள்ளி அள்ளிக் கசக்கினாள். அன்னமேரி துண்டை எடுத்துத் தேய்க்கப் போனாள். நட்டாலி கையைத் தட்டிவிட்டாள். "துண்டு முடியப் பிராண்டும். இதுல ஒத்தி எடு" என்று வின்சென்டின் பழைய டி-ஷர்ட்டைக் கொடுத்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் நைந்துபோன சட்டை.

"காயிற வரைக்கும் தொடாத" என்றாள்.

பின்கட்டில் உட்கார்ந்து காயவைத்துவிட்டு வந்து அன்னமேரி அறைக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணாடிக்குள் நட்டாலியின் தலை இருந்தது. சலூன் தொட்டியின் ஓட்டைக்குள் போன அதே தலை. நெற்றியில் கடலலை மாதிரி வளைவு. காதுக்கு மேலே மோதிரம் மோதிரமாகச் சுற்று. பிடரியில் பேனா ஸ்பிரிங் போலக் குட்டிச் சுருள்கள். நரை ஓடியிருந்ததே ஒழிய, சுழி விழுந்த இடம்கூட ஒன்றுதான்.

நட்டாலி பின்னால் வந்து நின்றாள். அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது. விரலை நீட்டித் தொடாமல் காட்டினாள்.

"முன்னாடி அலை. நடுவுல வளையம். கீழ ஸ்பிரிங். ஒரே தலையில மூணு வகை. எனக்கும் இப்படியேதான் இருந்திச்சு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இத வச்சுக்கிட்டா இத்தன வருசம் பரட்டன்ன?"

அன்னமேரி கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் தலையிலும் இது இருந்திருக்கிறது. தெரியாமல் அமுக்கியே வாழ்ந்துவிட்டாள். தெரிந்து வளர்த்தவளுடையதையோ எரித்துவிட்டாள். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"நட்டாலி, அன்னிக்கு நான் போட்டது வெறும் மருதாணி இல்லடி."

"என்ன?"

"கறுப்புப் பொடி கலந்தேன். ஷாஹிரா கேட்டுச்சு. இல்லன்னுட்டேன். ஒரு கத்தையில வச்சுப் பார்க்கறேன்னுச்சு. நேரமில்ல, ஆரம்பின்னேன்."

நட்டாலி ஓரடி பின்னால் போனாள். தன் மொட்டைத் தலையில் கையை வைத்தாள். உச்சந்தலையில் புகை வந்தபோதுகூட அவள் முகம் இப்படிப் போகவில்லை.

"நான் கிளாரிஸ் ஆன்ட்டிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்மா. அந்தப் பொண்ணு கேக்கவும் இல்ல, டெஸ்டும் பண்ணல, வேலை தெரியாததன்னு திட்டி அனுப்பினேன். நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த? கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

அன்னமேரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எழுந்திரு. போய்ச் சொல்லு."

"நாளைக்கு..."

"இப்ப."

எண்ணெய் இல்லாமல், பின்னல் இல்லாமல், விரித்த தலையோடு அன்னமேரி முதல்முறையாகத் தெருவில் நடந்தாள். கழுத்து வலி அப்படியே இருந்தது. சலூன் கதவைத் திறந்தபோது கிளாரிஸுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

"யாருங்க... ஐயோ, அக்கா! இது உங்க முடியா?"

"ஷாஹிரா இருக்கா?"

"அவள எப்பவோ நிறுத்திட்டேன் லா. உங்க பொண்ணு மெசேஜ் வந்த அன்னிக்கே."

நின்றபடியே அன்னமேரி எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலம், பொய், ஷிப்டு, தரையைப் பார்த்தது. கேட்கக் கேட்கக் கிளாரிஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைய விட்டு நிறுத்தினப்ப அந்தப் பொண்ணு சொல்லிச்சு. மாக்சிக் வேணாம்னாங்க, நீங்களும் கைய ஆட்டினீங்கன்னு அழுதுச்சு. கோவிலுக்கு வர்ற பொம்பள பொய் சொல்லுவாங்களான்னு நான்தான் வாய மூடுன்னேன். தெரிஞ்ச நாலு கடைக்கும் போன் பண்ணி, இவள வேலைக்குச் சேர்க்காதீங்கன்னு வேற சொல்லிட்டேன்."

அழைத்துப் பார்த்தார்கள். எண் உபயோகத்தில் இல்லை. கூட வேலை செய்தவள், பட்டர்வொர்த் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றாள். எந்த வீடு என்று அவளுக்கும் தெரியவில்லை. கிளாரிஸ் அந்த நாலு கடைக்கும் மறுபடி போன் செய்யத் தொடங்கினாள். முதல் கடைக்காரி பாதியிலேயே வைத்துவிட்டாள்.

ஷாஹிரா நின்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. அன்னமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளுடைய முடி வளர்ந்துவிடும். வெந்த விரலோடு போனவளிடம் பறித்த வேலையும், கெடுத்த பெயரும், நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பும் அன்னமேரியின் கடன். இன்னும் அடைக்கவில்லை.