மாமனுக்குப் பதில் மொட்டை

செஞ்சி கடைத்தெருவில் மளிகைக்கடை கோதண்டராமன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மனுஷர் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் தாலியே கட்டினார் என்று பெண்டாட்டி ரஞ்சிதம் சொல்வாள். அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் பருப்பு நிறுக்கும்போது வலது கை தொங்கிவிட்டது, வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. ரஞ்சிதமும் அவள் தம்பி தேவநாதனும் வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி ஓடினார்கள். வழியெல்லாம் ரஞ்சிதம், "மலையனூர் அங்காளம்மா, அவரை எழுப்பிக் குடுத்துடு, மொட்டையடிச்சுக் கூட்டியாறேன்" என்று வேண்டிக்கொண்டே போனாள்.

ஸ்கேன் எல்லாம் வராத காலம். டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, ரத்தக்கட்டிதான் அடைத்திருக்கிறது என்று முடிவுகட்டி, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார். பிறகு அதற்கே மாத்திரை. சில நாளில் கை எழும்பியது.

"கொஞ்சம் சிரிங்க, வாய் நேராயிடுச்சான்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். கோதண்டராமன் முறைத்தார்.

"முன்ன சிரிச்சிருந்தா இல்ல இப்ப சிரிக்கறதுக்கு" என்றாள் ரஞ்சிதம். பேச்சுதான் துடுக்காக வந்தது. அந்த வாய் நேரானதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு நிம்மதியில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எச்சரித்தார். "மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். அதுவரைக்கும் கத்தி படக்கூடாது. வெட்டுப்பட்டா ரத்தம் லேசுல நிக்காது. சவரம்கூட வேணாம்."

ரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டை போட்டால் ரத்தம் நிற்காது, போடாவிட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள். யோசித்து யோசித்து, கண்ணாடி முன்னால் சுருட்டைமுடியை வாரிக்கொண்டிருந்த தம்பியிடம் வந்து நின்றாள்.

"உன் தலையைக் குடுடா."

"நான் இன்னாக்கா பண்ணேன்?"

"மாமா மாத்திரை சாப்பிடறாரு. நீ சாப்பிடலையே."

மலையனூரில் கோதண்டராமன் மண்டிய தாடியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தேவநாதன் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். பழக்கதோஷம், பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவரைக்கும் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான்.

கோதண்டராமன் சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரஞ்சிதம் பாய்ந்து வந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். வாய் இரண்டு பக்கமும் சமமாக ஏறியிருந்தது. அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தினி வருஷமா இதை எங்கங்க வெச்சிருந்தீங்க?" என்றாள்.