எண்ணெய்க் கைக்குச் சாவி இல்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாங்க, என் கண்ணுகளா. கால் நீட்ட இடம் இருக்கிறது. வடகரையில் ஒரு ஆபீஸ் ஜீப் நகர மாட்டேன் என்று நின்ற கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

அந்த ஜீப்பை ஓட்டுகிறவள் ஜன்னத். தென்காசியில் ஒரு அரசு அலுவலகத்தின் ஒப்பந்த ஓட்டுநர். "பொம்பள ஓட்டுனா யாரு ஏறுவா?" என்று ஒரு வருஷம் வாசல் வாசலாகத் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு கிடைத்த வேலை. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதிகாரி ஞானசம்பந்தம்.

பயணச் செலவு கூடிப்போச்சு, ஒரே பயணத்தில் பல வேலைகளை முடியுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஞானசம்பந்தம் அதை உள்ளபடியே எடுத்துக்கொண்டார். புதன்கிழமை வடகரை விதைக் கிடங்கைப் பார்ப்பது, அப்படியே குற்றாலத்தில் எண்ணெய்க் குளியல். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்க நேரமாகும் என்று, கிடங்குச் சோதனை முடிந்ததும் அங்கேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டும் பழைய வேட்டியுமாக வந்து நின்றார்.

"உத்தரவுல அருவின்னு எங்கயும் இல்லயே ஸார்?" என்றாள் பின்சீட்டிலிருந்த எழுத்தர் ரெபேக்காள்.

"ஒரே டீசல்ல ரெண்டு வேலை. படிச்சவ மாதிரி பேசு."

சாரல் விழுந்து சாலை மினுமினுத்தது. நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்று ஜன்னத் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"நீ ஓட்டுனா நாம போய்ச் சேருததுக்குள்ள சீசனே முடிஞ்சிரும். தள்ளும்மா, நான் ஓட்டுதேன்." அவர் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். "சாவி!"

"மொதல்ல பெல்ட்ட மாட்டுங்க ஸார்."

அவர் பெல்ட்டை இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. கொக்கியைப் பிடித்தார், விரலிடையில் கெண்டை மீனாக நழுவியது. துண்டில் கையைத் துடைத்தார், துண்டில் கையைவிட அதிக எண்ணெய். ரெபேக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெல்ட்டே கையில நிக்கலயே, ஸ்டீயரிங் நிக்குமா?" என்றாள் ஜன்னத்.

ஞானசம்பந்தத்தின் முகம் சிவந்தது. "ஒனக்குக் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

ஜன்னத் திரும்பவும் வாசல் வாசலாகப் போய் நிற்பதை நினைத்தாள். சாவியை இறுக்கிப் பிடித்தாள்.

"போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி ஸார். சாவி தர மாட்டேன். பின்னால ரெபேக்காள் அக்கா இருக்காவ. ரோட்டுல நாலு பேரு நடக்காவ."

"பஸ்ஸுல போறேன் போ!" அவர் விறுவிறு என்று நடந்து, வந்த பஸ்ஸில் காலை வைத்தார். கண்டக்டர் குறுக்கே நின்றார்.

"அண்ணாச்சி, எறங்குங்க. நீங்க பிடிச்ச கம்பிய அடுத்தவன் பிடிக்க முடியுமா? பிரேக் போட்டா நேரா டிரைவர் மடியிலல்லா போய் உக்காருவீக!"

பஸ் மொத்தமும் சிரித்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்தவர் ஜீப்பையும் பார்க்கவில்லை, ஜன்னத்தையும் பார்க்கவில்லை. கிடங்குக்குப் பின்னால் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. ரெபேக்காள் பெட்டிக்கடையில் சீயக்காய்த்தூள் வாங்கி நீட்டினாள். அருவிக்கு வைத்திருந்த எண்ணெயெல்லாம் வடகரை வாய்க்காலில் போனது.

குளித்துச் சட்டை போட்டு வந்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் சொன்னபடி கேட்டது. ஜீப் ஆபீஸுக்குத் திரும்ப நாற்பதில் போனது. இலஞ்சி தாண்டும் வளைவில் எதிரே ஒரு சுற்றுலா வேன் குறுக்கே வந்துவிட்டது. ஜன்னத் பதறாமல் ஒதுக்கி நிறுத்தினாள். ஞானசம்பந்தம் தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாவே போம்மா," என்றார்.

அலுவலகம் வந்ததும் நீட்டிப்புத் தாளைக் கேட்டு வாங்கி எழுதினார்: 'இவர் ஓட்டும் வண்டியில் போனவர்கள் முழுசாகத் திரும்பி வருகிறார்கள். பணி தொடரட்டும்.' கீழே கையெழுத்து.

என் செல்லங்களே, உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்படுகிறவர்கள் எல்லோரும் பொழுது சாய அதே வாசலில் வந்து செருப்பைக் கழற்றட்டும். உலையில் போட்ட அரிசி ஒருவர் பங்கும் மிஞ்சாமல், ஒருவருக்கும் குறையாமல், எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும்படி உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.