கழற்றிய சைலன்சர்

சைலன்சரைக் கழற்றிவிட்டால் டிராக்டர் நன்றாக இழுக்கும் என்பது அண்ணனின் பிடிவாதம். ஓட்டுபவனோ தம்பி. எட்டு வருடச் சத்தத்தில் அவனுடைய இடது காது போய்விட்டது. இப்படியே ஓட்டினால் வலதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று காலை, சத்தத்தைத் தடுக்கும் காது மூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தம்பி சைலன்சரை மறுபடி மாட்டத் தொடங்கினான்.

"என்ன துரை, பாட்டு கேட்டுக்கிட்டே உழப் போறீங்களோ?" அண்ணன் காது மூடியைப் பிடுங்கி மிதித்து நொறுக்கினான். "கழட்டுடா அதை!"

"முடியாதுண்ணே."

அறை வலது காதில் விழுந்தது. சிறிது நேரம் எதுவுமே கேட்கவில்லை. வலதும் போய்விட்டது என்றே தம்பி நினைத்தான். அண்ணன் கத்துவது மெல்லக் கேட்கத் தொடங்கியதும், தம்பி ஸ்பேனரை ஓங்கி அவன் வாயில் அடித்தான். பல் ஒன்று தெறித்தது.

இன்னும் நட்டு முடுக்காத சைலன்சரைத் தூக்கி எறிந்துவிட்டு என்ஜினைக் கிளப்பினான். விழுந்து கிடந்தவனின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, சைலன்சர் இல்லாமல் இரைகிற புகை ஓட்டைக்குப் பக்கத்தில் காதை வைத்து அழுத்தினான். அண்ணன் அலறுவது வாயசைவில்தான் தெரிந்தது.

தம்பி என்ஜினை அணைத்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, அண்ணன் தவழ்ந்துபோய்ச் சைலன்சரை எடுத்துவந்தான். என்ஜின் நின்றது தெரியாதவன்போலத் தொண்டை கிழியக் கத்தினான்:

"நட்டு எங்கடா?"