மூன்று கெஜத்தில் விழுந்தவன்

வெள்ளிக்கிழமை மதியம், பள்ளி உணவுக்கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டெலியா பாயேசாவின் கைப்பேசி அடித்தது. பேசியவர் கெல்ஸோ. ஆறு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிறிய கல்லூரியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலுக்குத் துணைப் பயிற்சியாளர். அவளுடைய மகன் ஹார்லன் ஆடுவதைப் பார்க்க இன்று வருவதாகச் சொல்லியிருந்தவர். ஆட்டம் தொடங்கும் ஏழு மணிக்குள் வர முடியாது, எட்டு எட்டேகால் ஆகிவிடும் என்றார்.

"அதனால என்ன சார், ரெண்டாவது பாதி முழுக்கப் பாக்கலாமே" என்றாள் டெலியா. சொல்லி முடித்த பிறகுதான் எதிரணி யார் என்று நினைத்துப் பார்த்தாள். அன்றைய எதிரணி ஹாக் ஸ்பிரிங்ஸ். அந்த ஆண்டு அவர்கள் ஒரு ஆட்டம்கூட வென்றிருக்கவில்லை.

எங்கள் ஊரான டன்னிங் ஃபிளாட்டின் பள்ளியில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். மேற்கு டெக்ஸஸில் இந்த அளவுப் பள்ளிகள் பதினொருவரை எங்கே தேடும்? ஆறு பேர் வைத்து ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கென்று ஒரு விதி உண்டு. பாதி ஆட்டம் முடியும்போதோ அதற்குப் பிறகோ ஓர் அணி நாற்பத்தைந்து புள்ளிகள் முன்னால் இருந்தால் நடுவர் ஊதிவிடுவார். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஹாக் ஸ்பிரிங்ஸை அந்த ஆண்டு நான்கு அணிகள் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தன.

ஹார்லனுக்குப் பதினேழு வயது. இருபது கல்லூரிகளுக்குத் தன் ஆட்டப் பதிவுகளை அனுப்பியிருந்தான். ஆறு பேர் ஆட்டம் என்றதும் பதினெட்டு கல்லூரிகள் பதிலே போடவில்லை. ஒன்று வாழ்த்து அட்டை அனுப்பியது. மிச்சம் கெல்ஸோ. அடுத்த வாரத்தோடு ஆட்டப் பருவம் முடிகிறது. கெல்ஸோவுக்கு வேறு வெள்ளிக்கிழமை கிடையாது.

உடைமாற்றும் அறையில் செய்தி பரவியது. பந்தை எறியும் கோய் மெடோஸ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"கோச், கொஞ்சம் மெதுவா ஆடலாமா? மாப்ள கல்லூரிக்குப் போணும்ல?"

பயிற்சியாளர் ஸ்டிரிக்லின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார். "மெதுவான்னா எப்படி? பந்த எறியும்போது கண்ண மூடிக்குவியா?"

"மூடினாலும் இவன் புடிச்சிருவான் கோச். அதான் பிரச்சினை."

"ஆடுறதுன்னா ஆடுங்க. இல்லன்னா இந்த ரூம விட்டு வெளிய வராதீங்க" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

ஆட்டம் எல்லோரும் பயந்தபடியே போனது. ஏழே முக்காலுக்குப் புள்ளிப் பலகை நாற்பது பூஜ்யம் என்று காட்டியது. பந்தோடு இன்னொரு முறை எல்லையைத் தொட்டால் ஆறு சேர்ந்து நாற்பத்தாறு. மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நின்ற வண்டிகள் எப்போதும் புள்ளிக்குப் புள்ளி ஹாரன் அடிக்கும்; அன்று ஒன்றுகூட அடிக்கவில்லை. தன் அணி புள்ளி எடுக்கக் கூடாது என்று ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பாதி முடியப் பத்து வினாடிகள் இருந்தன. ஹாக் ஸ்பிரிங்ஸின் தலைவன் ரிக்ஸ் டோபின் பந்தை வீசினான். நல்ல வீச்சுதான். ஆனால் குறுக்கே ஹார்லன் நின்றான். பந்து அவன் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னால் முப்பது கெஜம் வெறும் புல்.

அவன் ஓடினான். பழக்கம் ஓட வைத்தது. பாதி தூரத்தில்தான் கெல்ஸோவின் நினைவு வந்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு மூன்று கெஜம் இருக்கும்போது, யாரும் தொடாமல், அரிசி மூட்டை சரிவதுபோலச் சரிந்தான். நேரம் முடிந்து மணி அலறியது.

எங்கள் பக்கம் யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். டோபின் ஓடி வந்து அவன் தலைமாட்டில் நின்றான்.

"என்னடா, தடுக்கிருச்சா?"

ஹார்லன் எழுந்து முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டினான்.

"எங்களப் பாத்தா பிச்சைக்காரன் மாதிரி இருக்கா? அடிச்சு அனுப்பு, போறோம். நாலு டீம் அனுப்பியிருக்கு. எவனும் இப்படிப் படுத்துக் காட்டல."

இடைவேளையில் ஸ்டிரிக்லின் ஹார்லன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். எதிர்ப்பக்கம் ஹாக் ஸ்பிரிங்ஸ் பையன்கள் உட்காரவே இல்லை. நின்றபடியே வட்டமாகக் கூடி எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கோச், நான் போய் மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"இப்பப் போனா ஒதைப்பாங்க. ஆடு. முடிஞ்சப்புறம் கேளு."

மூன்றாவது கால்பகுதியின் முதல் பந்தைப் பிடித்த டோபின், ஹார்லனின் நெஞ்சில் தோளால் இடித்துக் கீழே தள்ளிவிட்டு எல்லைவரை ஓடினான். தொட்டதற்கு ஆறு, பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்ததற்கு இரண்டு; ஆக எட்டு. அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு எட்டு. எங்களிடம் மொத்தமே ஒன்பது பையன்கள். அதில் இருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. ஹாக் ஸ்பிரிங்ஸிடம் இருந்தது கோபம். அதற்குக் களைப்பு தெரியவில்லை.

எட்டேகாலுக்கு மண் பூசிய வெள்ளை வண்டியிலிருந்து கெல்ஸோ இறங்கி வேலியோரம் வந்து நின்றார். சரியாக அந்த நேரத்தில் ஹார்லன் மூன்றாவது முறையாக மல்லாந்து கிடந்தான். பலகையில் நாற்பது, இருபத்து நான்கு. டெலியா முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

கோய் குனிந்து அவனைத் தூக்கிவிட்டான். "உன் ஆளு வந்துட்டாருடா."

"பாத்தேன்."

"நல்லா படுத்திருக்கும்போதா வரணும்!"

அதன்பின் ஹார்லன் வேலிப்பக்கம் பார்க்கவே இல்லை. நான்காவது கால்பகுதியில் டோபினை ஒருமுறை நிறுத்தினான், மறுமுறை விட்டான், பிறகு இரண்டு முறை தொடர்ந்து நிறுத்தினான். உதடு கிழிந்து பல் சிவந்திருந்தது. நாற்பது, முப்பத்திரண்டு. ஒரு நிமிடம் மிச்சம். எங்கள் எல்லையிலிருந்து எட்டு கெஜத்தில் பந்து அவர்களிடம். தொட்டு, உதைத்தும் எடுத்தால் சமம்.

நான்கு முயற்சிகள் உண்டு. முதலாவதில் ஒரு கெஜம். இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் இரண்டு. கடைசி முயற்சிக்கு இரண்டு கெஜம் பாக்கி. பந்து யார் கைக்குப் போகும் என்பதில் மைதானத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

"வரேன்டா!" என்று டோபின் கத்தினான்.

"வா!" என்றான் ஹார்லன்.

டோபின் வந்தான். தலையைத் தாழ்த்தி, முழு வேகத்தில். ஹார்லன் பின்வாங்காமல் ஓரடி முன்னே வைத்து, அவன் இடுப்பைக் கட்டி, தரையிலிருந்து தூக்கினான். இருவரும் ஒரு கணம் அப்படியே நின்றதுபோல் இருந்தது. டோபினின் கால்கள் காற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். நடுவர் பந்தை வைத்த இடம் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால். ஆட்டம் எங்களுக்கு. மாலை முழுவதும் வாயடைத்திருந்த வண்டிகள் அத்தனையும் ஒன்றாக ஹாரன் அடித்தன. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன.

கெல்ஸோ வேலியைத் தாண்டி வந்தார்.

"வழியெல்லாம் ரேடியோல கேட்டுக்கிட்டுதான் வந்தேன். மூணு கெஜத்துல விழுந்துட்டன்னு சொன்னாங்க."

ஹார்லன் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "தடுக்கல சார். வேணும்னுதான் விழுந்தேன். நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிரக் கூடாதுன்னு."

"தெரியும். அதக் கேட்டதும் வண்டியத் திருப்பிரலாமான்னு யோசிச்சேன்." அவர் சற்று நிறுத்தினார். "நீ அனுப்பின பதிவு எல்லாத்துலயும் முப்பது, நாப்பதுன்னு ஜெயிச்சுக்கிட்டே இருந்த. அத வச்சு எனக்கு ஒண்ணும் தெரியல. அடி வாங்கினா என்ன பண்ணுவன்னு இன்னைக்குப் பாத்துட்டேன். ஆகஸ்ட்ல வந்துரு. பதினோரு பேர் ஆட்டம் நாங்க கத்துத் தரோம். படிப்புச் செலவு பத்தி உங்க அம்மாகிட்ட நாளைக்குப் பேசறேன்."

டெலியா அதற்குள் வேலியைத் தாண்டி வந்திருந்தாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வண்டியின் நாய் குரைக்கத் தொடங்கியது.

ஹார்லன் அவளைக் கட்டிக்கொள்ளும் முன் திரும்பிப் பார்த்தான். ஹாக் ஸ்பிரிங்ஸ் பையன்கள் தங்கள் பஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவன் நொண்டியபடி ஓடி டோபினின் தோளைப் பிடித்தான்.

"தப்புதான்டா. அப்படி விழுந்திருக்கக் கூடாது."

டோபின் அவனை மேலும் கீழும் பார்த்தான். "விழலன்னா நாங்க எட்டு மணிக்கே பஸ் ஏறியிருப்போம். முப்பத்திரண்டு அடிச்சிருக்கோம்டா, இந்த வருஷத்துலயே அதிகம்!" என்று சொல்லிச் சிரித்தான். "நெஞ்சு வலிக்குதா?"

"மூச்சு விட்டா மட்டும்" என்ற ஹார்லன், அவன் கையை விடாமல் கெல்ஸோவிடம் இழுத்துக்கொண்டு போனான். "சார், இவன் ரிக்ஸ் டோபின். ஸ்கூல்ல கடைசி வருஷம். என்னைய எத்தன தடவ கீழ போட்டான்னு நீங்களே பாத்தீங்க."

கெல்ஸோ சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.