கொடிக்காலில் பூட்ஸ் தடம்

நெதர்லாந்தில் பாண்டீஸ்வரி வைத்த ஒவ்வொரு அடியும் சோழவந்தானில் அவளுடைய அப்பா கருத்தக்கண்ணனின் வெற்றிலைக் கொடிக்காலில் பதிந்தது. முதலில் திருடன் என்றுதான் நினைத்தார்கள். ஒரு வெற்றிலைகூடக் கிள்ளாமல் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதுதான் இடித்தது. பிறகொரு நண்பகலில் கருத்தக்கண்ணன் பார்க்கப் பார்க்க, ஆளே இல்லாமல், ஈர மண்ணில் பூட்ஸ் அச்சு ஒவ்வொன்றாக விழுந்து கிணறுவரை போய்த் திரும்பியது. போன் போட்டார். இப்போதுதான் இங்கே கட்டுகிற கடல்தடுப்புக் கரையில் நடந்து திரும்பினேன் என்றாள் மகள்.

கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு எவரும் நுழைவதில்லை. மொத்த வியாபாரியே வரப்பில் கழற்றிவிட்டுத்தான் பேரம் பேச வருவார். பூட்ஸ் பட்ட இடத்துக் கொடியெல்லாம் கருகியது.

மதுரை ஒத்தக்கடை ஆபீஸில் உட்கார்ந்து அந்தக் கடல்தடுப்புக் கரைக்கு வரைபடம் போட்டவள் பாண்டீஸ்வரி. வேலை பிடித்துப்போய் சைட்டுக்கே கூப்பிட்டிருந்தார்கள். இதை முடித்துக் கொடுத்தால் அடுத்து மொசாம்பிக், அதற்கடுத்து சிலி. சொதப்பினால் மறுபடி ஒத்தக்கடை பஸ். விஷயம் தெரிந்த அன்றே அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கரையேறினாள். பாதுகாப்பு அதிகாரி பீமாராவ் சமயநல்லூர்க்காரர். ஊர்ப் பெண் என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்.

"இன்னொரு தடவ கழட்டுனா நானே பெட்டியக் கட்டி ஏர்போர்ட்ல விட்டுருவேன். இது என்ன அழகர்கோயிலா, தங்கச்சி?"

கரையை ஒப்படைக்கும் நாள் வந்தது. மேயரையும் கம்பெனித் தலைகளையும் முழு நீளத்துக்கும் அவள்தான் முன்னால் நடந்து கூட்டிப்போக வேண்டும். அந்த நீளம் கொடிக்காலில் எதன்மேல் விழும் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தெரியும்: கிள்ளுக்குத் தயாராக நின்ற நடுப்பாத்தி. ஒரு பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தபடி, காதில் போனோடு கரையடியில் நின்றாள். பீமாராவ் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் அப்பா நடுப்பாத்தி வரப்பில் நின்றார்.

"கழட்டவா, வேணாமா? சட்டுனு சொல்லுங்கப்பா."

"கொடி எம்புட்டுப் போனாலும் மறுபடி பதிச்சுக்கலாம். கயித்தக் கட்டு தாயி. கட்டிட்டு நேரா நட. கோணலா நடந்துராத, ரெண்டு பக்கமும் போயிரும்."

அவள் நேராக நடந்தாள். இங்கே கருத்தக்கண்ணன் விழும் தடத்துக்கு முன்னால் ஓடி ஓடிக் கொடிகளை அவிழ்த்து ஒதுக்கினார், பாதிதான் தப்பியது. மேயர் அவள் கையைக் குலுக்கியபோது நடுப்பாத்தியில் ஒற்றையடிப் பாதை கிடந்தது.

மொசாம்பிக்கில் பாதை இடப்பக்கம் திரும்பியது. சிலியில் மேட்டுப் பாத்தி ஏறியது. புது புராஜெக்ட் என்றால் வரைபடம் முதலில் அப்பாவுக்கு வரும். அதற்கேற்பக் கொடியை மாற்றிப் பதிப்பார். இப்போது தடம் கிணற்றைச் சுற்றுகிறது, ஏதோ தீவாம். வெற்றிலை எடுக்க வரும் வியாபாரிகள் பாதையருகே வந்ததும் சற்று நின்று, பாண்டீஸ்வரி கடந்துபோன பிறகு தாண்டிப் போகிறார்கள்.